சிவப்பு வந்தால் சொல்லுங்கள்

என் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்லாதவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் கொஞ்சம் பேர்தான். கீழ்வீட்டுச் சேட்டன் இஞ்சிக் கிடங்கில் வேலை பார்ப்பவர். ஒருமுறை மாடி ஏறி வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "உன் அப்பா லாரியில ஒரு நாள் இதையும் ஏத்தி விட்டிருக்கலாம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். என் அப்பா கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அதற்குப் பிறகு அவரை எந்த உதவிக்கும் கூப்பிடவில்லை. பின்னால் நான் பட்ட பாட்டில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்குக் கண் தெரியாது. எட்டு வயதில் மங்கத் தொடங்கியது, பதினாலு வயதில் முழுக்கப் போய்விட்டது. விடுதியோடு இருந்த பார்வையற்றோர் பள்ளியில் படித்தேன். அங்கே கம்ப்யூட்டர் அறையில் பழையதைக் கழித்துப் புதியது போட்டபோது, என் ஆசிரியர் ஒரு பெட்டியை எனக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்தார். அதில் இருக்கும் ஓஎஸ்ஸுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது. செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு குரல் இருக்கிறது.

திரையில் இருப்பதை எல்லாம் எனக்கு வாசித்துச் சொல்லும் குரல் அது. இரும்புத் தொண்டை, உணர்ச்சி என்பதே கிடையாது. ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக விழும். சாதாரணப் பேச்சைப்போல நாலு மடங்கு வேகத்தில் கேட்டுப் பழகியிருக்கிறேன். மற்றவர்களுக்கு அது சத்தம் மட்டும்தான். அம்மா உயிரோடு இருந்தவரை, "உன் ஆளு கடுகு தாளிக்க ஆரம்பிச்சுட்டான்" என்பாள். அந்தக் குரல் அந்த ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும். புதிய கம்ப்யூட்டர்களில் வருகிற குரல்கள் டிவியில் செய்தி வாசிப்பவர்கள் மாதிரி இனிமையானவை. வேகத்தைக் கூட்டினால் குழைந்த சோறு ஆகிவிடும்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் பத்து வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். பிறகு விருந்தினர்கள் எல்லோரும் செல்போனில் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். யாருமே கூப்பிடாத டெலிபோனுக்கு ஆபரேட்டர் எதற்கு? வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் அந்தக் கடுகுச் சத்தத்தை வைத்துக்கொண்டே பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்றேன். நாற்பது இடங்களுக்காவது விண்ணப்பம் போட்டிருப்பேன். ஒரே ஒரு பெங்களூர்க் கம்பெனி பதில் போட்டது. வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு, மூன்று வாரத்தில். பைத்தானின் புதிய பதிப்பு வேண்டும், அவர்கள் கொடுக்கும் சோதனைக் கருவி அதன்மேல் ஓட வேண்டும். கருவி ஓடாவிட்டால் தேர்வு கிடையாது.

புதிய கம்ப்யூட்டர் வாங்கும் நிலையில் வீடு இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கினாலும் மூன்று வாரத்தில் புதிய குரலுக்கு என் காது பழகாது. முப்பத்திநாலு வயதில் எனக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. பழைய பெட்டியிலேயே புதிய பைத்தானை ஓட வைத்தாக வேண்டும். பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றுவதாகச் சொல்வார்கள். நான் புதிய கள்ளைப் பழைய மொந்தையில் ஊற்றப் போனேன். மொந்தை வாயைத் திறக்க மறுத்தது. "இந்தப் பதிப்பு உங்கள் கணினியில் இயங்காது" என்று குரல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

தேடித் தேடி ஒரு மன்றத்தில் அந்த மனிதரைக் கண்டேன். எந்த நாடு, என்ன வயது, ஆணா பெண்ணா என்பதுகூட இன்றுவரை தெரியாது. நானாக 'அவர்' என்று வைத்திருக்கிறேன். புதிய பைத்தான் எழுந்ததும் ஓஎஸ்ஸிடம் சில சாமான்களைக் கேட்கும். பழைய ஓஎஸ்ஸில் அவை கிடையாது. இவர் அந்தச் சாமான்களைத் தாமே செய்து, இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுகிறார். புதியது கேட்டால் இவருடையதை எடுத்து நீட்டும். இதற்காக யாரும் அவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த எனக்கு மனம் வராது என்று எழுதினார். அதைப் படித்ததும் எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

ஒரு சிக்கல். என் குரல் ஓடுகிற எல்லா நிரலுக்குள்ளும் மூக்கை நுழைக்கும். அவருடைய நடுச் சாமானும் அதே வழியில்தான் நுழையும். இரண்டும் ஒன்றாக நுழைந்தால் முட்டிக்கொண்டு விழும். அதனால் குரலை முதலில் நிறுத்திவிட்டு, அவருடைய சாமானைப் போட்டு, பைத்தானை ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும். அது சரியாக எழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் குரலைத் திரும்பப் போடலாம். பிழைப்பெட்டி வந்தால் மணி அடிக்கும் வசதியும் என் பெட்டியில் இல்லை. முப்பது கம்ப்யூட்டரும் ஒரே அறையில் மணியடித்தால் தலைவலி என்று பள்ளியிலேயே அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆக, அந்தச் சில நிமிடங்களுக்கு எனக்கு வேறொருவர் கண் வேண்டும். செல்போனில் படம் பார்த்துச் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறது. அதைத் திரைக்கு நேரே பிடித்தேன். திரை பழையது, கோடு கோடாக ஆடும். செயலி ஒரு வார்த்தையைக்கூடப் படிக்கவில்லை. "ஒரு மேசை, ஒரு கணினி, பக்கத்தில் கைலி கட்டிய ஒரு முதியவர்" என்று மரியாதையாகச் சொன்னது. அந்த முதியவர்தான் என் அப்பா. சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தார்.

அப்பாவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. மலையாளம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளும் எண்களும் தெரியும், அதுவும் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலிருந்து கற்றது. முப்பது வருடம் சுள்ளிக்கல்லுக்கும் தோப்பும்படிக்கும் நடுவே முன்னால் போகிற வண்டியின் பின்புறத்தைப் படித்துக்கொண்டே ஓட்டிய மனிதர். சின்ன எழுத்து எந்த வண்டியிலும் இருக்காது, அதனால் அது அவருக்குத் தெரியாது. "குழப்பமில்ல" என்றார். கொச்சிக்காரர்கள் கவலைப்படாதே என்பதற்குச் சொல்கிற வார்த்தை அதுதான். "என்ன வந்தாலும் நான் சொல்லித் தர்றேன்."

காலையில் மாடி ஏறி வரும்போதெல்லாம் படி நடுவில் ஒரு நிமிடம் நிற்பார். என்னப்பா என்று கேட்டால், "செருப்பு வார் கழண்டுபோச்சு" என்பார். எத்தனை வார்தான் கழலும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் குரலை நிறுத்தினேன். அந்த மௌனம் எனக்குப் பிடிப்பதே இல்லை, எனக்குக் கண் இருந்த காலத்தில் வீட்டில் விளக்கு அணைந்தால் எப்படி இருந்ததோ, அப்படித்தான் இருக்கும். பைத்தானை எழுப்பும் கட்டளையைத் தட்டினேன்.

"என்ன வருதுப்பா?"

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், மவுஸ் அழுத்துகிற சத்தம்.

"ஒண்ணும் வரல்ல மோனே. சுத்திட்டிருக்கு."

"அது என்ன சத்தம்?"

"மவுஸ்ல கை பட்டுடுச்சு."

பத்து நிமிடம் காத்திருந்தோம். இன்னும் சுற்றுகிறது என்றார். மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி ஒரு 'டிக்', சுத்திட்டிருக்கு. மன்றத்து மனிதருக்கு எழுதினேன்: பிழை எதுவும் வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் வியந்துபோனார். அவர் பார்த்த எல்லா இயந்திரங்களிலும் ஒன்று ஓடும், இல்லையென்றால் பிழை சொல்லும். எதுவும் சொல்லாமல் சுற்றியது என்னுடையது ஒன்றுதான். எனக்கென்று தனியாக ஒரு பதிப்பு செய்து அனுப்பினார். அதுவும் சுற்றியது. இரண்டாவதாக ஒன்று அனுப்பினார். பத்து நாள் இப்படியே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவோ முன்னைவிடப் பாசமாக இருந்தார், கேட்காமலே பழம்பொரி வாங்கி வந்தார். "சரியாயிடும், நாளைக்குப் பாரு" என்று தினமும் சொன்னார்.

பதினோராம் நாள் மன்றத்து மனிதர் ஒன்று எழுதினார். இந்தப் பழைய ஓஎஸ்ஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, திரையில் தான் காட்டிய ஒவ்வொரு பிழைப்பெட்டியையும் நேரத்தோடு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும், அதைத் திறந்து பாருங்கள் என்றார். அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். குரலைப் போட்டுக்கொண்டு திறந்தேன்.

குரல் படபடவென்று கொட்டியது. பைத்தான் தொடங்க முடியவில்லை, இன்ன கோப்பு இல்லை. தேதி, நேரம். பைத்தான் தொடங்க முடியவில்லை, அதே கோப்பு இல்லை. தேதி, நேரம். வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டேன். ஏழு முறை வந்திருந்தது. முதல் நாளிலிருந்தே வந்திருந்தது. என்ன இல்லை என்று கோப்பின் பெயரோடு, எழுத்துப் பிசகாமல், இயந்திரம் ஏழு முறை சொல்லியிருக்கிறது. அந்த ஏழையும் ஒரு 'டிக்'கில் மூடியது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் அப்பா.

அவர் வந்து சஞ்சிப் பையைக் கீழே வைப்பதற்குள் நான் கத்தத் தொடங்கிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை எல்லாம் இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. "கண்ணு இல்லாதவன்கிட்ட கண்ணு இருக்கிறவர் இப்படிச் செய்யலாமா?" என்றேன். "பத்து நாள் போச்சு. எங்கேயோ இருக்கிற ஒரு மனுஷன் எனக்காகத் தூக்கத்த விட்டுட்டு இல்லாத வியாதிக்கு மருந்து தேடிட்டு இருந்தாரு." மூச்சு வாங்கியது. பிறகு, நான் நினைக்காமலே வந்துவிட்டது: "டாக்டர் அடுத்த வருஷம்னு சொன்னாருன்னு சொன்னீங்களே, அதுவும் இதுதானா?"

அது என்னவென்று சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயது. பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டரைப் பார்த்தோம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அப்பா மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து, "அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னாரு" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வருடமும். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று கேட்டுக்கொண்டேதான் நான் முழுசாக இருட்டுக்குள் போனேன்.

"ஆமா" என்றார் அப்பா.

கீழே யாரோ இஞ்சி மூட்டையை வாசலில் போட்டார்கள். அப்பா தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"வெளிய வந்தேன். நீ சிரிச்சுட்டு உக்காந்திருந்தே. பஸ்ல ஜன்னல் சீட்டுதான் வேணும்ன. வர்ற வழி எல்லாம் கடை போர்டு ஒவ்வொண்ணையும் சத்தமா வாசிச்சுட்டு வந்தே. கண்டக்டர்கூட சிரிச்சாரு. அத நிறுத்தச் சொல்லி நான் எந்த வாயால சொல்லட்டும்?"

எனக்கு அந்தப் பஸ் நினைவிருக்கிறது. போர்டுகளும் நினைவிருக்கின்றன. தெரிந்திருந்தால் அம்மாவின் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்து வைத்திருப்பேன் என்கிற ஆத்திரம் அப்போது எனக்கு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்திருந்தால் பார்க்கிற ஒவ்வொன்றையும் பயந்து பயந்துதான் பார்த்திருப்பேன். அந்த ஐந்து வருடமும் நான் பயமில்லாமல் பார்த்தேன். படகுத்துறைக்கு ஓடினேன், வைப்பினிலிருந்து வருகிற படகின் நிறத்தைச் சொல்லிப் பந்தயம் கட்டினேன். அது அப்பா தன் நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு எனக்கு வாங்கிக் கொடுத்த ஐந்து வருடம். அதற்கு அவருக்கு நன்றி சொல்லவும் தோன்றியது, சண்டை போடவும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் பேச்சைப் பெட்டிக்குத் திருப்பினேன்.

"இதுல என்னப்பா மறைக்க இருக்கு? இது வெறும் பெட்டி."

"சிவப்பு வட்டம், உள்ள பெருக்கல் குறி. பரீட்சை பேப்பர்ல தப்புன்னு போடுவாங்கள்ல, அது மாதிரி. நீ ரெண்டு வருஷம் ராப்பகலா படிச்ச. அதுக்கு மேல தப்புன்னு போட்டா நான் எப்படிச் சொல்வேன்? கீழ ஒரே ஒரு பட்டன் இருந்துச்சு. அழுத்தினேன், போயிடுச்சு. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அது புரியவில்லை, கொஞ்சம் கோபித்துக்கொண்டார். நான் அவருக்கு விளக்கினேன். இந்தச் சிவப்பு எனக்குப் போடுகிற மார்க் இல்லை. இது இயந்திரம் தனக்கு எது குறைகிறது என்று சொல்கிற சேதி. லாரியில் எண்ணெய் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியுமே, அதன்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு ஓட்டுவீர்களா?

"எஞ்சின் போயிடுமே" என்றார் உடனே.

"அதான். இனிமே சிவப்பு வந்தா சொல்லணும். வந்த உடனே. முழுசா."

"சொல்றேன்" என்றார். எழுந்து போய்ச் சாயா போட்டார். இதை நான் எழுதுகிற இன்று காலையிலும் சாயா அவர் கையால்தான், சர்க்கரை அன்றுபோலவே ஒரு கரண்டி அதிகம்.

மன்றத்து மனிதருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் வீணாக்கியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். தனியாக ஒரு பதிப்பு செய்யப்போய்த் தம்முடைய நிரலில் வேறு இரண்டு தவறுகளைக் கண்டுபிடித்ததாகவும், அதற்கு என் அப்பாவுக்கு நன்றி சொல்லும்படியும் எழுதியிருந்தார். இல்லாத கோப்பு எந்தப் பழைய புதுப்பிப்பில் கிடைக்கும் என்றும், மூன்று புதுப்பிப்புகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வரிசை முக்கியம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தார்.

தேர்வுக்கு ஆறு நாள் இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இறக்கி வைத்ததில் மூன்றாவதை இரண்டாவதாகப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. குரல் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

"மோனே" என்றார் அப்பா. அவர் குரல் மாறியிருந்தது.

"சொல்லுங்க."

"சிவப்பு இல்ல. நீலம். திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்து நெறைய இருக்கு."

நீலம் என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெட்டி எழவே மாட்டேன் என்கிறது. தேர்வு போகட்டும், பெட்டிக்குள் இருக்கிற குரலும் போய்விடும். என் காதுக்குள் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருந்த அந்த இரும்புத் தொண்டை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் போன சத்தம் கேட்டது. மவுஸ் சத்தம் கேட்குமோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"நெறைய சின்ன எழுத்து, எனக்குத் தெரியாது. பெரிசா இருக்கிறத சொல்றேன். எஸ், டி, ஓ, பி. ஸ்டாப். இது ரோட்டுல பாத்திருக்கேன். நல்ல வார்த்தை இல்ல மோனே."

"பரவால்லப்பா. மேல."

"பூஜ்யம், எக்ஸ். அப்புறம் பூஜ்யம்... இரு, எண்ணிச் சொல்றேன். ஆறு பூஜ்யம். ஏழு. பி." அவர் முன்னால் போகிற லாரியைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் சரிபார்த்தார். "எதையும் விடல்ல" என்றார்.

நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா எனக்கு ஒரு கெட்ட செய்தியை முழுசாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் வந்த நன்றி, அதற்கு முன் அவர் சொன்ன எந்த நல்ல செய்திக்கும் வந்ததில்லை.

செல்போனிலிருந்து அந்த எண்ணை மன்றத்துக்கு அனுப்பினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குப் பதில் வந்தது. வட்டு எங்கே இருக்கிறது என்று இயந்திரம் மறந்துவிட்டது என்று அந்த எண்ணுக்கு அர்த்தம். பயப்பட வேண்டாம், எழும்போது மேல்வரிசையில் எஃப் எட்டு என்கிற பட்டனை விடாமல் தட்டுங்கள், கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும், அதில் கடைசியாக நன்றாக இருந்த நிலைக்குத் திரும்பும் வழி ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள் என்றார். ஆங்கிலத்தில் அந்த வரியின் முதல் எழுத்துகளை அப்பாவிடம் சொன்னேன்: எல், கே, ஜி, சி.

தட்டினேன். பட்டியல் வந்தது.

"எல் கே ஜி இருக்கு" என்றார் அப்பா. "நீ படிக்காத கிளாஸ். மேல இருந்து ஏழாவது வரி." எண்ணிக்கொண்டே கீழே போகச் சொன்னார். நான் அழுத்தினேன். படகுத்துறைப் பக்கம் படகு ஒருமுறை ஊதியது. பிறகு கடுகு வெடித்தது.

அப்பா என் தோளில் கையை வைத்தார். குரல் வழக்கம்போல உணர்ச்சியே இல்லாமல் தேதியையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மேசைமேல் தலையை வைத்து அழுதேன். அழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது, மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் மூன்று புதுப்பிப்பையும் சரியான வரிசையில் போட்டோம். குரலை நிறுத்தினேன், பைத்தானை எழுப்பினேன். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சிவப்பு இல்ல. கறுப்புத் திரை. ஓரமா மூணு அம்பு, வலது பக்கம் திரும்பு-ன்னு காட்டுற மாதிரி. பக்கத்துல ஒரு கோடு மின்னிட்டிருக்கு." கட்டளைக்காகக் காத்திருக்கும் பைத்தானை இதைவிட அழகாக யாரும் வர்ணித்து நான் கேட்டதில்லை. குரலையும் திரும்பப் போட்டேன். முட்டிக்கொள்ளவில்லை. தேர்வுக் கருவி ஓடியது. தேர்வை எழுதினேன். அதில் ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, அதற்கு நான்தான் பொறுப்பு, ஓஎஸ் இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து வேலை கிடைத்தது.

கம்பெனி புதிய மடிக்கணினி ஒன்று அனுப்பியது. அதன் இனிமையான குரலோடு ஆபீஸ் வேலையை மெதுவாகச் செய்கிறேன். எனக்கென்று எழுதுவதை எல்லாம் பழைய பெட்டியில்தான் எழுதுகிறேன், இதையும் அதில்தான். மன்றத்து மனிதருக்குத் தீபாவளிக்கும் ஓணத்துக்கும் வாழ்த்து அனுப்புகிறேன். அவருக்கு இரண்டும் என்னவென்று தெரியாது, பதில் மட்டும் தவறாமல் வரும். கீழ்வீட்டுச் சேட்டனோடும் ராசியாகிவிட்டேன். தூக்கிப் போடச் சொன்ன பெட்டியில்தான் வேலை கிடைத்தது என்று போய்ச் சொல்ல வேண்டியிருந்ததே, அதற்காகத்தான்.

அப்பாதான் கொஞ்ச நாள் தாங்க முடியாமல் போனார். பால் திரிந்தால், "சிவப்பு." மீன் வாடையடித்தால், "சிவப்பு." கடல் பொங்குகிற வேலியேற்றத்தில் உப்புத் தண்ணீர் கீழ்வாசல் வரை வந்தால் மாடிப்படியில் நின்றே, "சிவப்பு, ரெண்டாவது படி வரைக்கும்" என்று கூவுவார். நல்ல செய்தி எதையாவது சொல்லுங்களேன் என்று நான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அவர் வெளியே போய்விட்டு வந்தார். எங்கே போகிறார் என்று சொல்லியிருக்கவில்லை. படி நடுவில் நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். செருப்பு வார் என்று சொல்லவில்லை. மேலே வந்து, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மோனே, சிவப்பு வந்திருக்கு."

"பாலா?"

"இல்ல. எனக்கு."

குரலை நிறுத்தினேன். பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. போன வாரம் கை வழியாக நெஞ்சுக்குக் குழாய் விட்டு எடுத்த பரிசோதனை, முடிவு இன்றுதான் கைக்கு வந்தது என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு படித்தார். "சின்ன எழுத்து எனக்குத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல. பெரிசு சொல்றேன். எல், ஏ, டி. அதுக்கு நேரா எட்டு, பூஜ்யம். பக்கத்துல ஒரு சாஞ்ச கோடு, மேல ஒரு சுழி, கீழ ஒரு சுழி. அப்புறம் ஆர், சி, ஏ. அதுக்கு நேரா ஆறு, பூஜ்யம். அதே சுழி." காகிதத்தை மடித்தார். "அவ்வளவுதான். எதையும் விடல்ல."

இதயத்துக்குப் போகிற குழாய்கள் எவ்வளவு அடைத்திருக்கின்றன என்று எனக்குப் புரிந்தது. அவர் கையைத் தேடிப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது.

"ஆபரேஷன் எப்போன்னு சொன்னாரு டாக்டர்?"

"அடுத்த..." என்று தொடங்கி மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த ஒரு நொடி எனக்கு ஒன்பது வயது.

"அடுத்த வியாழக்கிழமை" என்றார். "டாக்டர் ரூமுக்குள்ள நீயும் வரணும்."